அரபிகளுக்கு வரும் நோய் என் கணவருக்கு எப்படி வரும்?

சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், அல் அஹ்ஸா பகுதியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 33. கணவர் அதே பகுதியில் ஏ.சி. மெக்கானிக். இருவரும் தென் தமிழ்நாட்டுக்காரர்கள். கணவர் இவருக்குச் சொந்த அத்தை மகன். ஆறு வயதில் ஒரு மகள். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கணவர் நண்பர்களோடு ஒரு மஸ்ராவுக்கு (பண்ணைக்கு) போவது வழக்கம். அங்கே கறந்த ஒட்டகப் பாலைச் சூடு ஆறுவதற்குள் அப்படியே குடிப்பார்கள். ஒருமுறை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார். இவர் அதைக் காய்ச்சி டீ போட்டார். மகள் காய்ச்சுவதற்கு முன்பே அரை டம்ளர் குடித்துவிட்டாள். பிப்ரவரிக் கடைசியில் கணவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. சாயங்காலமானால் ஏறும். இரவில் பனியன் நனையும் அளவுக்கு வியர்க்கும். காலையில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். கம்பெனி கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்றார்கள். ஏப்ரலில் எல்லோரும் விடுப்பில் ஊருக்கு வந்தார்கள். இங்கே வைடல் டெஸ்ட் பாசிட்டிவ் என்று டைபாய்டுக்கு 10 நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது, இரண்டு வாரத்தில் திரும்பியது. கூடவே இடுப்பு வலி. இடது விரை வீங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் இரண்டு எலும்புகளும் நடுவிலுள்ள தட்டும் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. முதுகெலும்பு டி.பி., அடுத்த வாரம் மாத்திரை தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் எழுதியிருப்பதில் என்னை நிறுத்தியது இந்தப் பகுதிதான்: "டயாலிசிஸ் வார்டில் வேலை பார்ப்பதால் மெர்ஸ் (ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு வரும் ஒரு வைரஸ் சுவாச நோய்), புரூசெல்லா பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை நானே தேடிப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அரபு நோயாளிகள், சவூதி நோயாளிகள் என்றுதான் இருக்கிறது. அவர்கள் சொந்தத்திலேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அதனால் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று எங்கள் வார்டில் பேசிக்கொள்வோம். அதனால் ஒட்டகப் பால் விஷயத்தை இங்கே டாக்டரிடம் சொல்லத் தோன்றவே இல்லை. அரபிகளுக்கு வரும் நோய் என் கணவருக்கு எப்படி வரும்?"

இதோடு இன்னும் சில கேள்விகள். திரும்பிப் போனால் டயாலிசிஸ் வார்டில் எனக்கு மெர்ஸ் வருமா? நோய் பெயர் தெரிந்தால் கம்பெனி கணவரின் இக்காமாவை (சவூதியில் தங்கும் அனுமதியை) ரத்து செய்துவிடுமா, மறைத்துவிடலாமா? மருத்துவமனையில் மெர்ஸ் ஆராய்ச்சிக்காகப் பணியாளர்களிடம் ரத்தம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? இரண்டாவது குழந்தைக்கு இப்போது முயற்சி செய்யலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தால், அதாவது காய்ச்சாத பால், ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு முதுகெலும்பு, விரை வீக்கம் என்று பார்த்தால், தொற்றுநோய் மருத்துவர் யாரும் முதலில் கேட்கும் பெயர் புரூசெல்லோசிஸ், அதாவது கால்நடைகளிடமிருந்து காய்ச்சாத பால் வழியாக வரும் புரூசெல்லா என்ற கிருமியின் நோய். டி.பி. மாத்திரையின் முதல் டோஸுக்கு முன்பு இந்தச் சந்தேகம் தீர வேண்டும். நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் போய் ஒட்டகப் பால் விஷயத்தைச் சொல்லுங்கள். எந்த மாதத்தில், எத்தனை முறை, யார் யார் குடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நம் ஊரில் ஒருவருக்கு இரண்டு மாதக் காய்ச்சலும் முதுகெலும்புப் பாதிப்பும் இருந்தால் டி.பி.யை நினைப்பதுதான் சரியான மருத்துவம். அவருக்கு மஸ்ரா பற்றித் தெரியாது, அவ்வளவுதான்.

கணவருக்குக் கால் மரத்துப் போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

'அரபு நோயாளிகள்' என்று எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

சவூதியின் அரசு மருத்துவமனைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்கள். நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள் கம்பெனி இன்சூரன்ஸில் தனியார் கிளினிக்குகளுக்குப் போகிறார்கள். அரசு மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து எழுதப்படும் கட்டுரையில் நோயாளிகள் அரபிகளாக இருப்பது இயல்பு. ஆராய்ச்சி எந்த வாசலில் உட்கார்ந்து எண்ணியதோ அந்த வாசலில் வந்தவர்களைத்தான் அது சொல்லும். வராதவர்களுக்கு அந்த நோய் வராது என்று அதில் எங்கும் எழுதியிருக்காது.

புரூசெல்லாவின் கதையே இதற்கு நல்ல சாட்சி. அந்தக் கிருமியை 1887-ல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தது மால்டா தீவில், இறந்துபோன பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலில். பல வருடங்கள் கழித்து, 1905-ல், தெமிஸ்டோகிளிஸ் ஸம்மிட் என்ற மால்டா மருத்துவர் அது ஆட்டிடமிருந்து வருவதைக் காட்டினார். அடுத்த வருடம் படை முகாமில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். சிப்பாய்களிடம் நோய் சட்டென்று குறைந்துபோனது. சிப்பாய்கள் அதே சிப்பாய்கள்தான், தட்டில் இருந்த பால் மட்டும் மாறியது. அரேபியாவில் இந்த நோய் அதிகம் இருப்பதற்கும் காரணம் இதுதான். ஆடு, செம்மறி, ஒட்டகம் எல்லாவற்றிலும் கிருமி இருக்கிறது, விருந்தாளிக்குக் கறந்த பாலைக் கொடுப்பது அங்கே அன்பின் வழக்கம். அந்த அன்பில் உங்கள் கணவரும் பங்கெடுத்திருக்கிறார்.

நம் ஊர் மாடுகளிலும் புரூசெல்லா உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2019-ல் மத்திய அரசு தொடங்கிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கு அடுத்ததாக இருப்பது இதுவே. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். கன்று வீசிய (கருச்சிதைவான) மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கும் நம் விவசாயிகளுக்கும் இந்த நோய் வருகிறது. நாம் பாலைக் காய்ச்சிக் குடிப்பவர்கள் என்பதால் ஊர் முழுக்கப் பரவாமல் இருக்கிறது.

மெர்ஸ் விஷயத்தில் இன்னும் தெளிவான ஆராய்ச்சி இருக்கிறது. சவூதி முழுவதும் சுமார் 10,000 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் 15 பேருக்குத்தான் மெர்ஸ் வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஒட்டகம் மேய்ப்பவர்களிடம் அது 15 மடங்கு அதிகம். அறுப்புக்கூடத் தொழிலாளர்களிடம் 23 மடங்கு. பிறப்பை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. அதே மண்ணில், அதே காற்றில், யார் எதைத் தொட்டார்கள் என்பதுதான் வேறுபாடு. அங்கே மேய்ப்பர்களாகவும் அறுப்புக்கூடத்திலும் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சொந்தத்தில் கல்யாணம் என்ற பேச்சு

இதை உங்களைப் புண்படுத்தாமல் சொல்ல விரும்புகிறேன். நீங்களும் அத்தை மகனைத்தான் மணந்திருக்கிறீர்கள். சவூதியில் பாதிக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன என்பது உண்மை. இந்தியாவில் அப்படி அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதும் உண்மை. ஆக, வார்டில் அந்தப் பேச்சு வரும்போது அது நம்மையும் சேர்த்துப் பேசும் பேச்சு.

அதைவிட முக்கியம், உறவுத் திருமணத்தால் ஒரு சமூகத்தின் எதிர்ப்புச் சக்தி மொத்தமாகக் குறைந்துவிடுவதில்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் சில அரிய நோய்கள் இருக்கின்றன. அவை உறவுத் திருமணத்தில் சற்று அதிகம் வெளிப்படும். அவற்றில் சில, குழந்தை பிறக்கும்போதே எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுபவை. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிறந்தவுடன் டி.பி. தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டால் அந்தத் தடுப்பூசிக் கிருமியே உடல் முழுக்கப் பரவும் ஆபத்து உண்டு. இதனால்தான் சவூதி 2019-ல் பி.சி.ஜி.யைப் பிறந்த நாளிலிருந்து ஆறாவது மாதத்துக்குத் தள்ளியது. ஆறு மாதத்துக்குள் இப்படிப்பட்ட குழந்தைகளை அடையாளம் கண்டுவிட முடியும் என்ற கணக்கு. தங்கள் குழந்தைகளின் நோய் வரலாற்றை அவர்கள் நிதானமாகப் படித்து எடுத்த முடிவு அது, எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. பச்சைப் பால் குடித்த ஒரு பெரியவருக்குக் காய்ச்சல் வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நீங்கள் வேலை பார்க்கும் அல் அஹ்ஸாவில் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) நோயாளிகளை நிறையப் பார்த்திருப்பீர்கள். நிமோகாக்கஸ் கிருமி அவர்களை ஏன் வேகமாக வீழ்த்துகிறது, சால்மோனெல்லா ஏன் எலும்பில் போய் உட்காருகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். மண்ணீரல் வேலை செய்யாமல் போவதுதான் பெரிய காரணம். அந்த ரத்த நோயும் அரபிகளுக்கே உரியது என்று எண்ண வேண்டாம். கிழக்கு சவூதியில் காணப்படும் சிக்கிள் மரபணு வகைக்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயரே அரபு-இந்திய வகை. இந்தியாவில் முதன்முதலில் 1952-ல் இந்த நோயைப் பதிவு செய்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். பழைய காலத்து மலேரியா இரண்டு கரைகளிலும் விட்டுச்சென்ற தடம் அது. அதே சவூதியின் தென்மேற்கில் இருப்பது ஆப்பிரிக்காவோடு தொடர்புடைய வேறு வகை, நோயும் கடுமையாக இருக்கும். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது 'அரபு நோயாளி' என்ற ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் அடைப்பதில் மருத்துவத்துக்குப் பயன் குறைவு.

கணவருக்கு என்ன பரிசோதனை, என்ன சிகிச்சை

டி.பி.யும் புரூசெல்லாவும் முதுகெலும்பில் ஒன்றைப் போலவே ஒன்று நடிக்கும். டி.பி. பெரும்பாலும் நடு முதுகில் தொடங்கி எலும்பை நொறுக்கும், கூன் விழும். புரூசெல்லாவுக்கு இடுப்புப் பகுதி பிடித்தமான இடம், எலும்பின் உயரம் பெரும்பாலும் குலையாமல் இருக்கும். ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்லக்கூடாது. அதனால் இவற்றைக் கேளுங்கள்: புதிதாக ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரண்டு தடவை ரத்த கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), புரூசெல்லா எதிர்ப்பொருள் பரிசோதனை, பாதிக்கப்பட்ட எலும்பிலிருந்து ஊசி மூலம் ஒரு துணுக்கு எடுத்து அதில் கல்ச்சரும் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும். குழாய் முறை எதிர்ப்பொருள் பரிசோதனையில் 1:160 அல்லது அதற்கு மேல் இருந்து, அறிகுறிகளும் பொருந்தினால் புரூசெல்லாவை நோக்கியே போகவேண்டும். கேட்கத் தயங்காதீர்கள், நீங்கள் ஒரு நர்ஸ்.

ஒரு வேண்டுகோள். ரத்த கல்ச்சர் அனுப்பும் சீட்டில் 'புரூசெல்லா சந்தேகம்' என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஆய்வகங்களில் ஊழியர்களைத் தொற்றும் கிருமிகளில் இது முன்வரிசையில் இருப்பது. கல்ச்சர் தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்ததாலேயே நோய் வாங்கிய ஆய்வகப் பணியாளர்கள் உண்டு. அந்த ஒரு வரி, முகம் தெரியாத ஒரு லேப் டெக்னீசியனைக் காப்பாற்றும்.

ஏன் டி.பி. மாத்திரைக்கு முன்பே இதெல்லாம் என்று நீங்கள் கேட்கலாம். டி.பி. சிகிச்சையில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. அது புரூசெல்லாவையும் ஓரளவு அடக்கும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் இறங்கும், எல்லோரும் டி.பி.தான் என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் புரூசெல்லா ஒற்றை மருந்துக்கு அடங்கிப் போகாது, மீண்டும் தலைதூக்கும். அதற்குள் முதுகெலும்பு இன்னும் கெட்டிருக்கும். டைபாய்டு ஊசிக்குக் காய்ச்சல் விட்டுத் திரும்பியதும் இதே கதையாக இருக்கலாம். வைடல் டெஸ்ட்டைப் பற்றி நான் பலமுறை எழுதியிருக்கிறேன். டைபாய்டு நிறைய உள்ள ஊரில், ஒரே ஒரு வைடல் ரிப்போர்ட்டை வைத்து நோயை முடிவு செய்வது நமக்குப் பெரும் தொல்லையாகிவிட்ட பழக்கம்.

புரூசெல்லா என்று உறுதியானால் சாதாரணமாக 6 வாரம் டாக்ஸிசைக்ளினோடு ரிஃபாம்பிசின், அல்லது டாக்ஸிசைக்ளினோடு முதல் சில நாட்கள் ஜென்டாமைசின் ஊசி கொடுப்போம். முதுகெலும்பில் இறங்கியிருந்தால் 6 வாரம் போதாது, குறைந்தது 3 மாதம். இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்று ஒரு எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுவது நல்லது, இந்த நோயில் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் அதுதான். மருந்துகளைக் கடையில் நீங்களே வாங்கித் தொடங்க வேண்டாம். டி.பி. என்று எலும்புத் துணுக்கில் உறுதியானால் மறுபேச்சில்லாமல் டி.பி. சிகிச்சையை முழுக் காலமும் எடுக்க வேண்டும். ஒட்டகப் பால் குடித்தவருக்கு டி.பி. வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

மகளையும் மறக்க வேண்டாம். அவளும் அதே பாலைக் குடித்திருக்கிறாள். இந்தக் கிருமி உள்ளே போய் அறிகுறி காட்ட வழக்கமாக 2 முதல் 4 வாரம், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். காய்ச்சல், மூட்டுவலி, நொண்டி நடப்பது, சாப்பாட்டில் விருப்பமின்மை எது இருந்தாலும் அவளுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மருந்தே வேறு. நீங்கள் காய்ச்சி டீ போட்டீர்கள், அந்தச் சூட்டில் கிருமி செத்துவிடும்.

டயாலிசிஸ் வார்டும் மெர்ஸும்

உங்கள் பயம் வீண் பயமில்லை, ஆனால் அது சரியான இடத்தில் இருக்க வேண்டும். 2012-ல் ஜித்தாவில் எகிப்திய வைராலஜி நிபுணர் அலி முகமது ஸகி இந்த வைரஸை முதலில் பிரித்தெடுத்தார். அடுத்த வருடமே, 2013 ஏப்ரல்-மே மாதங்களில், உங்கள் அல் அஹ்ஸாவில் மருத்துவமனைகளுக்குள் பரவியது. 23 பேருக்கு உறுதியானது, அதில் 21 பேருக்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது. பரவிய முக்கிய இடங்களில் ஒன்று டயாலிசிஸ் பிரிவு. நீண்ட நேரம் அருகருகே படுத்திருப்பவர்கள், சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள், வாரம் மூன்று முறை வந்து போகிறவர்கள். வைரஸுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

அரபு மரபணு வேண்டியதில்லை என்பதை 2015-ல் தென் கொரியா காட்டிவிட்டது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒரே ஒரு பயணி, நெரிசலான அவசரச் சிகிச்சைப் பிரிவுகள், முடிவில் 186 பேருக்கு நோய், 38 பேர் இறந்தார்கள். 2020 ஜனவரியில் சவூதியின் அசீர் பகுதியில் ஒரு கேரள நர்ஸுக்குத் தொற்றியதாகச் செய்தி வந்ததும், முதலில் அதை வூஹான் வைரஸ் என்று பலர் பதறியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அது மெர்ஸ். 2025 வசந்தத்தில் ரியாத்தில் ஒரே நோயாளியைக் கவனித்த ஆறு சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்று உறுதியானது. அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. உறுதியான நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள். ஆனால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், வேறு நோய்கள் உள்ளவர்கள். உங்களைப் போன்ற ஆரோக்கியமான இளம் பணியாளர்களுக்கு லேசாகவோ அறிகுறியே இல்லாமலோ வந்து போவதும் உண்டு.

ஆகவே வேலையை விட வேண்டிய அளவுக்கு ஆபத்து இல்லை. கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன. உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துக் கொடுக்கப்பட்ட என்-95 முகக்கவசம் உங்களிடம் இருக்கிறதா? இருமலோடு வரும் டயாலிசிஸ் நோயாளியைப் பிரித்து வைக்க அறை இருக்கிறதா? காய்ச்சல் வந்த நர்ஸ் சம்பளம் போகும் என்று பயப்படாமல் வீட்டில் இருக்க முடிகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் தைரியமாகப் போங்கள். ஒட்டகத்திடம் போனவர்களின் விவரத்தைக் கேட்கும்போது அரபு நோயாளியிடம் மட்டும் கேட்காமல், வங்காளதேசத்து மேய்ப்பரிடமும் நம் ஊர் டிரைவரிடமும் கேளுங்கள்.

மறைக்கலாமா, ரத்தம் கொடுக்கலாமா

கம்பெனியிடம் நோயின் பெயரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது, போலிச் சான்றிதழும் வேண்டாம். புரூசெல்லா மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. உடன் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று மருத்துவரே எழுதிக் கொடுக்க முடியும். சவூதி தொழிலாளர் சட்டப்படி ஒரு வருடத்தில் 120 நாள் வரை நோய் விடுப்பு உண்டு: முதல் 30 நாள் முழுச் சம்பளம், அடுத்த 60 நாள் முக்கால் சம்பளம், கடைசி 30 நாள் சம்பளமில்லை. அந்த விடுப்பு தீருமுன் நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. ஊரில் விடுப்பில் இருக்கும்போது இது எப்படிப் பொருந்தும் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மருத்துவச் சான்றிதழை உடனே அனுப்புங்கள். நடைமுறையில் பலர் சிக்கிக்கொள்வது விசாவில்தான். சிகிச்சை 3 மாதம் போகும் என்று தெரிந்தால், ரீ-என்ட்ரி (திரும்பி நுழையும் அனுமதி) தேதி முடிவதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்ல வேண்டும். முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கே வேலை செய்யும் இடத்தில் தொற்று வந்தால் அது தொழில்சார் பாதிப்பு. வெளிநாட்டுப் பணியாளர்களுக்கும் சேர்த்து முதலாளி கட்டும் கோசி (சவூதி அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பு) காப்பீடு அதற்காகத்தான். யாரை, எந்தத் தேதியில் கவனித்தீர்கள் என்ற பதிவை வைத்திருங்கள்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுப்பதைப் பொறுத்தவரை, கொடுங்கள் என்பதே என் விருப்பம். நம்மைப் போன்ற பணியாளர்கள் ஒதுங்கி நின்றால் அடுத்த கட்டுரையிலும் அரபு நோயாளிகள் மட்டும்தான் இருப்பார்கள், நம்மவர்களுக்கு வந்துபோன தொற்று யார் கணக்கிலும் வராது. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைப் படித்துப் பாருங்கள். ரிசல்ட் உங்கள் பெயரோடு நிர்வாகத்துக்குப் போகுமா, எண்ணோடு மட்டும் போகுமா? மீதி ரத்தத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்வார்களா? பாதியில் விலகினால் வேலைக்குப் பாதிப்பு வருமா? சவூதியில் 2010 முதல் மனிதர் உள்ளிட்ட உயிரினங்கள் மீதான ஆராய்ச்சிக்கென்றே சட்டம் இருக்கிறது. தெரிந்து கொடுக்கும் சம்மதம் அதில் கட்டாயம், விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. சம்மதப் படிவம் அரபியில் மட்டும் இருந்தால் உங்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள்.

இரண்டாவது குழந்தை

சிகிச்சை முடியும் வரை தள்ளிப் போடுங்கள். விந்து வழியாக மனைவிக்குப் புரூசெல்லா போனதாக அபூர்வமாகப் பதிவுகள் உண்டு. கர்ப்பத்தில் இந்தத் தொற்று வந்தால் கரு கலையும் ஆபத்து இருக்கிறது, வழக்கமான டாக்ஸிசைக்ளினையும் அப்போது தவிர்க்கவே பார்ப்போம். அதுவரை ஆணுறை போதும். உங்களுக்குக் காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்தால் உங்கள் ரத்தத்தையும் பார்த்துவிடலாம். விரை வீக்கம் பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும். அதன்பிறகு கரு தங்கத் தாமதமானால் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

அத்தை மகன் என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை. பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் 2 முதல் 3 சதவீதத்துக்குப் பிறவிக் குறை இருக்கும். நெருங்கிய உறவுத் திருமணத்தில் அது இன்னும் 2 முதல் 3 சதவீதம் கூடலாம். அதாவது பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள், உங்கள் மகளைப் போல. இரு வீட்டுச் சொந்தத்தில் திரும்பத் திரும்பத் தொற்று வந்து இறந்துபோன கைக்குழந்தை யாராவது உண்டா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும், பிறக்கும் குழந்தைக்குப் பி.சி.ஜி. போடும் முன் குழந்தை மருத்துவரிடமும் அதைச் சொல்ல வேண்டும்.

மஸ்ராவுக்குப் போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அந்த நட்பு வெளிநாட்டு வாழ்க்கையில் பெரிய ஆறுதல். பாலைக் கொதிக்க வைத்துக் கேட்கலாம், கடையில் பாஸ்டுரைஸ் செய்த ஒட்டகப் பாலே பாட்டிலில் கிடைக்கிறது. பச்சைப் பாலில் செய்த வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வேண்டாம். ஒட்டகத்தின் மூக்குப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய் செல்ஃபி எடுப்பதைக் கணவரும் மகளும் தவிர்க்கட்டும், மெர்ஸ் வைரஸ் அதிகம் இருப்பது அதன் மூக்குச் சளியில்தான்.

நாளை மருத்துவரைப் பார்த்துவிட்டு, கல்ச்சர் எடுத்த தேதியையும் எதிர்ப்பொருள் அளவையும் எனக்கு எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து அனுப்பினால் உங்கள் மருத்துவரோடு நானே பேசுகிறேன்.